மேருவைச் சுற்றிய சூளைகள்

கிள்ளானிலிருந்து வடக்கே மேரு சாலையில் போனால் முதலில் கண்ணில் படுவது லாரிகள். பிறகு தொழிற்சாலைக் கூரைகள், ஜாவானியர் கம்பம், சந்தை, தோட்டத்தை விட்டு வந்த நம்மவர்கள் குடியிருக்கும் தாமான்கள். மேரு என்றதும் மண்பாண்டக் கலை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அந்தச் சாலைச் சந்திப்பில் நின்று சுற்றிலும் யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் புஞ்சாக் ஆலம். நாட்டின் முக்கியமான பீங்கான் கலைஞர் ஒருவரின் கலைக்கூடம் அங்கே இருக்கிறது. காப்பார் வழியாகப் போனால் கோல சிலாங்கூர். அங்கே கம்போங் குவாந்தானில் தமிழ்க் குயவர்களின் பட்டறைகள். எதிர்த்திசையில் தலைநகரத்துக்குள் போனால் பிரிக்பீல்ட்ஸ். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம். நெரிசல் இல்லாத நாளில் மூன்றுக்கும் மேருவிலிருந்து காரில் போய்வரலாம். மூன்றிலும் இருப்பது மண்ணும் நெருப்பும்தான். ஆனால் ஒன்றைக் கலை என்கிறோம், ஒன்றைச் சரக்கு என்கிறோம், மூன்றாவதை மறந்தே போய்விட்டோம்.

புஞ்சாக் ஆலத்திலிருந்து தொடங்குவோம். உமிபைசுரா மாஹிர் 1975இல் பிறந்தவர், ஷா ஆலம் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பீங்கான் கலை படித்தவர். அவரும் அவர் கணவர் ஓவியர் அகமட் சுக்ரி முகமட்டும் சேர்ந்து நடத்தும் இடம் பாத்திசாத்து கலைக்கூடம். சுக்ரி, 1989இல் ஐந்து நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய மாத்தாஹாத்தி ஓவியர் குழுவைச் சேர்ந்தவர். உமிபைசுரா கையில் எடுத்துக்கொண்ட உருவம் பொம்மை. சக்கரம் வைத்த விலங்கு, பாதி விலங்கும் பாதி இயந்திரமுமான ஒன்று, குழந்தை இழுத்து விளையாடும் வண்டி போலத் தோன்றி அருகில் போனால் மனத்தைச் சங்கடப்படுத்தும் ஒன்று. காட்டை அழித்துக் கட்டடம் எழுப்பும் ஊரில், உயிருள்ள விலங்கைவிட விலங்குப் பொம்மைதான் குழந்தைக்கு எளிதாகக் கிடைக்கிறது. அந்த உண்மையைப் பளபளப்பான பீங்கானில் செய்து வைக்கிறார். தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் பார்த்துப் பழகிய வடிவம் பீங்கானில் வரும்போது கீழே விழுந்தால் உடையும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயம்தான் அந்தப் படைப்பின் பாதி.

கலைஞரின் கண் எங்கே மேய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. கடையில் தொங்கும் பொம்மையை ஆயிரம் பேர் பார்க்கிறோம். ஒருவருக்கு மட்டும் அது மண்ணாகத் தெரிகிறது.

அப்படித் தெரிந்தது கையில் வருவதற்குள் படும் பாடு வெளியாருக்குத் தெரியாது. நம் நாட்டில் பீங்கானுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண் பேராக்கில் தாப்பா, பீடோர் வட்டாரத்தில் வெட்டி எடுக்கப்படுகிறது. அதைப் பிற மண்ணோடும் தாதுப் பொடிகளோடும் கலந்து, பிசைந்து, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் அடித்து எடுக்க வேண்டும். சக்கரத்தில் வனைந்தாலும் சரி, அச்சில் ஊற்றினாலும் சரி, செய்து முடித்த பொருள் காய்ந்து சூளையில் வெந்து வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருக்கும். பத்து அங்குலக் கிண்ணம் வேண்டுமென்றால் பதினொன்றரை அங்குலத்துக்கு வனைய வேண்டும். கலைஞர் கையில் இருப்பது எப்போதும் இன்னும் வராத ஒன்றின் பெரிய உருவம்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்று இந்த வேலைக்கு ஒத்தாசை செய்வதில்லை. மத்தியானம் வரை கொளுத்தும் வெயில், நாலு மணிக்கு இடியோடு மழை. ஈரக்காற்றில் மண் மெதுவாகத்தான் காயும். அது ஒருவிதத்தில் நல்லதுதான், ஏனென்றால் அவசரமாகக் காயும் மண் வெடிக்கும். ஆனால் கைப்பிடி ஒரு வேகத்திலும் உடல் ஒரு வேகத்திலும் காய்ந்தால் ஒட்டிய இடம் பிளந்துவிடும். அதனால்தான் எந்தக் கலைக்கூடத்துக்குப் போனாலும் அலமாரி முழுக்கப் பிளாஸ்டிக் தாள் போர்த்திய உருவங்களைப் பார்க்கலாம். மூடித் திறந்து, திறந்து மூடி, ஒரே சீராகக் காயவைப்பது அங்கே தினசரி வேலை. வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் நீராவியாகி உருவத்தையே சிதறடிக்கும். அடுத்து 573 பாகையில் மண்ணில் உள்ள படிகக்கல் துகள் சட்டென்று விரிகிறது. குளிரும்போது அதே புள்ளியில் சுருங்குகிறது. அந்த இடத்தில் சூடு வேகமாக ஏறினாலோ இறங்கினாலோ விரிசல் விழும். முதல் சுடுதல் ஆயிரம் பாகைக்குப் பக்கத்தில் முடியும். பிறகு கண்ணாடிப் பூச்சு பூசி மறுபடியும் 1,200 பாகைக்கு மேல் சுட வேண்டும். பூசும்போது சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும் குழம்பு சூளைக்குள்தான் நீலமாகவும் பச்சையாகவும் மாறுகிறது. ஓவியர் நிறத்தைப் பார்த்துத் தீட்டுகிறார். பீங்கான் கலைஞர் நிறத்தை நினைவில் வைத்துத் தீட்டுகிறார்.

இப்போது காப்பார் வழியாக வடமேற்கே போவோம். கம்போங் குவாந்தான் என்றால் மலேசியர்களுக்குச் சிலாங்கூர் ஆற்றங்கரையின் மின்மினிப் பூச்சிகள்தான் ஞாபகம் வரும். படகில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் பலருக்கு, அதே வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் மண் வனைந்துவருகிறார்கள் என்பது தெரியாது. கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தைக்கு முன்னால் குவிந்து கிடக்கும் பொங்கல் பானைகளில் ஒரு பகுதி இந்த வட்டாரத்துச் சூளைகளிலிருந்து வருவதுதான். தீபாவளிக்கு அகல் விளக்கு, கோயிலுக்குத் தீச்சட்டி, கல்யாணத்துக்கு அரசாணிப் பானை, வீட்டுக்குச் சாம்பிராணிக் கரண்டி, மீன் குழம்புச் சட்டி. நம் பண்டிகை நாட்காட்டிதான் அந்தப் பட்டறைகளின் வேலை நாட்காட்டி.

அகல் வனைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குக் கை மறைந்து வேலை மட்டும் தெரியும். சக்கரத்தின் நடுவில் பெரிய மண் உருண்டை ஒன்று. அதன் உச்சியில் மட்டும் கட்டைவிரல் இறங்குகிறது, ஒரு குழி பிறக்கிறது, இரண்டு விரல் விளிம்பைத் தூக்குகிறது, ஆள்காட்டி விரல் ஓரத்தை ஒரு தொடு தொட்டுத் திரி வைக்கும் மூக்கை இழுக்கிறது. நூல் ஒன்று அடியில் ஓடி அறுக்கிறது. அகல் பலகைக்குப் போய்விட்டது. மிச்ச மண் சுற்றிக்கொண்டே இருக்க, அடுத்த அகல் ஏற்கெனவே பாதி முடிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் செய்தாலும் ஒரு விளக்கின் மூக்கு இன்னொன்றைப் போல இருக்காது. அச்சில் அடித்த இறக்குமதி விளக்கையும் இதையும் பக்கத்தில் வைத்து ஏற்றிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

பானை வேறு கதை. தமிழகத்து மரபு முறையில் பானையைச் சக்கரத்தில் முழுசாக வனைவதில்லை. வாயும் கழுத்தும் தோளும் மட்டும் சக்கரத்தில் உருவாகும். கீழ்ப்பகுதி தடித்த சுவராக, அடி திறந்தபடியே அறுத்து எடுக்கப்படும். கொஞ்சம் இறுகியதும் உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி, தடித்த சுவரை மெலிதாக்கி, கீழே இழுத்து அடியை மூடிவிடுவார்கள். உருண்ட அடி அப்படித்தான் வருகிறது. அடுப்புத் தீ மூலையில் தங்காமல் வயிற்றைச் சுற்றிப் பரவுவதற்கும், பானை சூட்டில் வெடிக்காமல் இருப்பதற்கும் அந்த உருண்டைதான் காரணம். மண்ணை மிகவும் வழவழப்பாக்காமல் கொஞ்சம் மணல் கலப்பதும் அதற்காகவே. பால் பொங்கி வழிவதற்கு ஏற்ற கழுத்து, துணி சுற்றிப் பிடிக்க ஏற்ற விளிம்பு, மஞ்சள் கொத்து கட்ட ஏற்ற தொண்டை. இத்தனை யோசனையும் ஒரு பானைக்குள் இருக்கிறது. வடிவமைப்புக் கல்லூரியில் மூன்று வருடம் சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

நம் மண் கலைஞருக்குக் கண் நிறைய வடிவம் கொடுக்க இந்தப் பள்ளத்தாக்கில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது மங்கு. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: பால்மரத்தில் வெட்டுக் கோட்டின் கீழே கம்பி வளையத்தில் உட்கார்ந்து பால் பிடிக்கும் கிண்ணம். ஒருவர் நிரையில் நானூறு, ஐந்நூறு மரம் என்றால் அத்தனை மங்கு. மலாயா முழுக்க எத்தனை மரம் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் அவை சுட்ட மண்ணால் ஆனவை. ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்கள் நடத்திய நாகச் சூளைகளுக்கு மங்கு முக்கியமான வேலையாக இருந்தது. சரிவான தரையில் நீளமாகப் படுத்திருக்கும் செங்கல் சுரங்கம் போன்ற சூளை அது; கீழ் முனையில் தீ மூட்டினால் வெப்பம் மேலே ஏறும், பக்கத் துளைகளில் விறகைப் போட்டுக்கொண்டே போவார்கள். சிங்கப்பூர் ஜூரோங்கில் 1940இல் கட்டப்பட்ட தௌ குவாங் சூளை இன்றும் நிற்கிறது. குளுவாங்கில் குவான் ஹுவாட் சூளையும் உண்டு.

மங்கின் உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு. பால் ஒட்டாமல் வழிந்து வர வேண்டும், மறுநாள் காய்ந்த படலத்தை ஒரே இழுப்பில் உரித்துத் துடைக்க வேண்டும். அதற்காகப் பூசியது. அந்தப் படலத்தை உரித்தவை நம் பாட்டிமார் விரல்கள். சீனக் குயவர் கையில் பிறந்து தமிழ்ப் பெண் கையில் நாள் முழுக்கத் தவழ்ந்த ஒரு பொருள், இந்த நாட்டின் செல்வத்தையே தாங்கி நின்றது. அதைவிடப் பெரிய படிமம் ஒரு மலேசியத் தமிழ்ச் சிற்பிக்கு வேண்டுமா? பழைய மங்குகள் இன்றும் சில வீடுகளில் பூச்செடித் தட்டாகவும் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணமாகவும் கிடக்கின்றன. அவற்றை எறிந்துவிடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் பலகை, அத்தாப்பு வீடுகளை அழித்தன. அதன்பின் பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் கட்டடங்கள் செங்கல்லிலும் ஓட்டிலும் எழ வேண்டும் என்றார். களிமண் இருந்த இந்தப் பகுதியில் சூளைகள் எழுந்தன. சீனர் தலைவரான கப்பித்தான் யாப் குவான் செங் பெரிய அளவில் செங்கல் அறுத்தார். 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு மட்டும் சுமார் 40 லட்சம் செங்கற்கள் செலவாயின என்பது கணக்கு. பிறகு இரயில்வே வந்தது, நம்மவர்கள் வந்தார்கள், கோயில்கள் வந்தன. சூளைகள் போய்விட்டன. இன்று ஜாலான் ஸ்காட்டில் கந்தசுவாமி கோயிலும் இருக்கிறது, வெய்-லிங் ஓவியக் காட்சிக்கூடமும் இருக்கிறது. பொங்கலுக்குப் பானை வாங்க அந்த வட்டாரத்துக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தக் காட்சிக்கூடத்தின் படி ஏறுகிறார்கள்? காட்சிக்கூடத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் கீழே விற்கும் பானையைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கிறார்கள்?

கலைக்கும் பானைக்கும் இடையிலான இந்தப் பிரிவு புதிது. மண்ணின் வரலாற்றில் இது இருந்ததில்லை. தமிழகத்தில் வைகைக் கரைக் கீழடியில் கிடைத்த கருப்பு சிவப்புப் பானையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளேயும் வாயோரமும் கருப்பு, வெளியே சிவப்பு. இரண்டும் ஒரே மண். பானையைக் கவிழ்த்துவைத்துச் சுட்டால் வாய்ப்பக்கம் காற்றுப் புகாது, அங்கே கருக்கும். காற்றுப் பட்ட வெளிப்பக்கம், மண்ணில் இருக்கும் இரும்பினால் சிவக்கும். நெருப்பையே தூரிகையாகப் பிடித்தவர்கள் அந்தக் குயவர்கள். பேராக்கில் கோலகங்சாருக்குப் பக்கத்தில் சாயோங் மலாய்க்காரக் குயவர்களும் இதே அறிவைக் கையில் வைத்திருக்கிறார்கள். சுரைக்காய் வடிவத்தில் செய்யும் லாபு சாயோங் தண்ணீர்க் குடத்தை, சூளையிலிருந்து தணலாக எடுத்து உமிக்குள் புதைக்கிறார்கள். உமி புகைந்து கரி மண்ணுக்குள் ஏறிக் குடம் கருத்து மின்னுகிறது. வைகைக் கரைக்கும் பேராக் ஆற்றுக்கும் இடையே இப்படி ஒரு உறவு. நம் பானை ஓடும் இந்தத் தீபகற்பத்துக்குப் புதிதல்ல: தாய்லாந்துப் பகுதியில் பூ காவ் தோங்கில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துச் சொன்னார்.

கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. அவை பெரும்பாலும் பானைக்குச் சொந்தக்காரர்களின் பெயர்கள். வனைந்தவர் பெயர் இல்லை. இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் நிலைமை அதேதான்.

பெயர் வேண்டாம் என்று நினைத்த பெரிய கலைஞர்களும் உண்டு. ஜப்பானில் மாஷிகோ கிராமத்தில் வாழ்ந்த ஹமாதா ஷோஜி, நாட்டின் உயிருள்ள பொக்கிஷம் என்று 1955இல் அரசால் மதிக்கப்பட்டவர், தம் பாண்டங்களில் கையெழுத்திடுவதை நிறுத்திவிட்டார். பெயரில்லாத கிராமக் கைவினைஞரின் அழகே அழகு என்று அவருடைய நண்பர் யானகி சோயெட்சு எழுதினார். அது உயர்ந்த எண்ணம்தான். ஆனால் ஹமாதாவின் பாண்டம் வைக்கும் மரப்பெட்டியில் அவர் கையெழுத்து இருக்கும். ஊரும் உலகமும் அறிந்த ஒருவர் பெயரை விட்டுக்கொடுப்பது துறவு. யாரும் கேட்காததால் பெயர் இல்லாமல் போவது அலட்சியம். கம்போங் குவாந்தானுக்கு நேர்ந்திருப்பது இரண்டாவது.

வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்குப் புதுச்சேரி சாட்சி. மண்பாண்டக் கலைஞர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் மண் வேலை கற்றவர். உள்ளூர்த் தமிழ்த் தொழிலாளர்களைப் பழக்கி, சாப்பாட்டு மேசைக்கான தட்டும் கிண்ணமும் ஆண்டுக்கணக்காகச் செய்துவந்தார். மீக்கரிடம் படித்த மாணவர்கள் இன்று இந்தியா முழுக்கப் பெயர் சொல்லும் கலைஞர்கள். 1980களில் அவர் செய்த முயற்சி துணிச்சலானது: பச்சை மண்ணால் ஒரு வீட்டைக் கட்டி, உள்ளே செங்கல்லையும் பாண்டத்தையும் அடுக்கி, வீட்டையே சூளையாகக் கொளுத்திச் சுடுவது. கிராமத்துச் செங்கல் சூளையை உற்றுப் பார்த்த கண்ணுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். அதே புதுச்சேரியில், நகரத்தை ஒட்டிய வில்லியனூரில், பரம்பரைக் குயவர் முனுசாமி கிருஷ்ணபக்தர் சுடுமண் சிற்பம் செய்கிறார். ஆளுயர அய்யனாரும் அவர் கையில் வரும், விரல் நுனியில் நிற்கும் சிற்றுருவமும் வரும். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கலைக்கூடமும் குயவர் தெருவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இரண்டும் தலைநிமிர்ந்து நிற்கும் ஊர் அது.

மேருவைச் சுற்றி நமக்கும் அதே அமைப்பு இருக்கிறது. ஷா ஆலத்தில் பீங்கான் கலை கற்பிக்கும் பல்கலைக்கழகம், புஞ்சாக் ஆலத்தில் கலைக்கூடம், கோல சிலாங்கூரில் மரபுக் குயவர்கள், பிரிக்பீல்ட்ஸில் காட்சிக்கூடம், கிள்ளானில் சந்தை. இவற்றை இணைக்க யாரும் இல்லை என்பதுதான் குறை. குயவர் வீட்டுப் பிள்ளை பீங்கான் கலைப் பட்டப்படிப்பு என்று ஒன்று இருப்பதை அறியாமலே வேறு வேலைக்குப் போய்விடுகிறது. கலைக்கூட மாணவர் ஜப்பானிய முறையைக் காணொளியில் பார்த்துப் பழகுகிறார். கல்லும் தட்டும் வைத்து அடி மூடும் நம் முறையை ஒரு மணி நேரப் பயணத்தில் நேரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு மாணவர் கோல சிலாங்கூர்க் குயவர் குடும்பங்களின் வரலாற்றையும் சொற்களையும் முழுமையாகப் பதிவு செய்தால் அது ஒரு தலைமுறைக்குச் செய்த உபகாரமாக இருக்கும்.

இந்தக் கட்டுரையில் அந்தக் குயவர்கள் யார் பெயரையும் நான் எழுதவில்லை. ஒருவரைச் சொல்லி மற்றவர்களை விடுவது நியாயமாகாது; பட்டறை பட்டறையாகப் போய் எல்லாப் பெயரையும் சேர்க்கும் வேலை ஒரு வார இதழுக்குள் அடங்காது. அதனால் வேறு இரண்டு வேண்டுகோள். குயவர்களே, அடுத்த சூளைக்கு அடுக்கும் முன்னால் ஈரப் பானையின் அடியில் உங்கள் பெயரையோ பட்டறைக் குறியையோ ஒரு குச்சியால் கீறிவிடுங்கள். நெருப்பு அதை அழிக்காது. வாசகர்களே, வரும் தைக்குப் பானை வாங்கும்போது எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், யார் வனைந்தது என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கோல சிலாங்கூருக்கே போய் வாங்குங்கள்.